ரிஃப்ட்டா, பாம்பரா, ரெய்த்தா: ஆர்சி ராக் பௌன்சருக்கு எந்த சேஸிஸ் எடுக்கறது?

ஆர்சி, அதாவது ரிமோட் கண்ட்ரோல்ல ஓடுற ராக் பௌன்சர் கட்டலாம்னு இறங்குற எல்லாரும் முதல்ல கேக்கறது எந்த மோட்டார் போடலாம்னுதான். என்னைக் கேட்டா முதல்ல ஆக்ஸிலை, அதாவது சக்கரம் மாட்டுற அச்சைப் பாருங்க. அமெரிக்காவுல அலபாமா, டென்னசி பக்கம் ஓடுற நிஜ பௌன்சர்கள் கிராலர் மாதிரி ஊர்ந்து ஏறுற ஜாதி இல்ல, த்ராட்டிலை முழுசா அமுக்கிப் பிடிச்சு பாறைமேல பாயும், துள்ளும், விழும், திரும்பப் பாயும். 1/10 சைஸ்லயும் அதே கதைதான், விழற அடியெல்லாம் நேரா டிஃபுக்கும் (ஆக்ஸில்ல இருக்கற டிஃபரென்ஷியல் கியர்) லிங்குக்கும் (ஆக்ஸிலை சேஸிஸோட இணைக்கற கம்பி) போகுது.

ஆக்ஸியல் கம்பெனியோட ரிஃப்ட் 2020-ல வந்தது, இதுக்குன்னே டிசைன் பண்ண வண்டி. ரெடிமேடா எடுத்தா 2200 கேவி (ஒரு வோல்ட்டுக்கு 2200 சுத்து) பிரஷ்லெஸ் மோட்டார் இருக்கும், 4எஸ் (நாலு செல்) லிபோ பேட்டரி வரைக்கும் ஓட்டலாம். 3எஸ்-ல லோட் இல்லாம சுமார் 24,400 ஆர்பிஎம், 4எஸ்-ல 32,500. அந்த பவரை வாங்கிக்கற மாதிரி ஏஆர்14பி ஆக்ஸில் வேற. காசு இருந்தா இதை எடுத்துட்டு போயிட்டே இருக்கலாம், நான் அவ்வளவுதான் சொல்வேன்.

காசு இடிக்குதுன்னா அதே கம்பெனியோட ரெய்த் இல்லன்னா பாம்பர். ரெண்டுலயும் ஏஆர்60 ஆக்ஸில்தான், டிஃப் நடுவுல இல்லாம ஒரு பக்கமா தள்ளி இருக்கறதால பாறையில வயிறு மாட்றது குறையும், பார்ட்ஸும் ஒண்ணுக்கொண்ணு மாத்திக்கலாம். இதுல சுவாரஸ்யமான வேலையே கியர்தான். ஸ்டாக்ல டிஃப் கியர் 38 பல்லுக்கு 13 பல், முன்னாடி மட்டும் ஹெவி டியூட்டி 36க்கு 14 போட்டா முன் டயர் பின் டயரைவிட கிட்டத்தட்ட 14 சதவீதம் வேகமா சுத்தும், ஏத்தத்துல மூக்கு தூக்காம முன்னாடி இழுத்துட்டுப் போகும். ஆனா பிடிப்பு ஜாஸ்தியான தரையில அது டிரைவ்லைனை முறுக்கும், அதனால ட்ரைவ்ஷாஃப்ட் ஸ்ட்ராங்கானதா மாத்தாம அதுல கை வைக்காதீங்க. ரெய்த்தை விட எனக்கு பாம்பர்தான் பிடிக்கும், பின்னாடி ட்ரெய்லிங் ஆர்ம் இருக்கறதால வேகத்துல குதிச்சு இறங்கும்போது நிதானமா உக்காரும்.

யெட்டி, ராக் ரே வண்டிகளைப் பத்தியும் கேப்பாங்க. முன்னாடி ஐஎஃப்எஸ் (ரெண்டு சக்கரமும் தனித்தனியா அசையற சஸ்பென்ஷன்), திறந்த மண்தரையில பறக்கும், சந்தேகமே இல்ல. பாறைனு வரும்போது சஸ்பென்ஷன் அமுங்க அமுங்க வயிறும் கூடவே இறங்கும், ரெண்டு சக்கரமும் ஒரே அச்சுல இருக்கற சாலிட் ஆக்ஸில்ல டிஃபுக்கு கீழ இருக்கற இடைவெளி மாறாது, ஒரு டயர் மேல போனா இன்னொண்ண அதே அழுத்திப் பிடிக்கும். அதனால பௌன்சருக்கு நான் ஐஎஃப்எஸ் எடுக்க மாட்டேன்.

சாலிட் ஆக்ஸில்லயும் தலைவலி இல்லாம இல்ல, டார்க் ட்விஸ்ட். த்ராட்டில் அடிச்ச உடனே சேஸிஸ் ஒரு பக்கமா முறுக்கிக்கிட்டு ஒரு முன் டயர் அந்தரத்துல நிக்கும், சரிவா இருந்தா அப்படியே உருண்டுடும். பின்னாடி ஒரு ஸ்வே பார் (சாயறதைத் தடுக்கற கம்பி) போடுங்க, அதுலயும் அடங்கலைன்னா சாயற பக்கம் கொஞ்சம் கெட்டியான ஸ்ப்ரிங். ஸ்டீல் ட்யூப்ல வெல்ட் பண்ண கேஜ் (வண்டியைச் சுத்தின கூண்டு) பாக்க கெத்தா இருக்கும்தான், வெயிட்டை மேல ஏத்தி இதே பிரச்சனையை இன்னும் மோசமாக்கும். பிளாஸ்டிக் கேஜ் வளைஞ்சு கொடுத்து அடியைத் தாங்கிக்கும்.

ஸ்டியரிங்கைத் திருப்புற சர்வோ மெட்டல் கியர், டார்க் 20 கிலோவுக்கு மேல, பிஇசி (சர்வோவுக்கு கரன்ட் கொடுக்கற சர்க்யூட்) அதுக்கு வேணுங்கற வோல்டேஜைக் கொடுக்குமான்னு பாத்துக்கோங்க. டயர் 2.2 இன்ச், பீட்லாக் வீல் (டயரை ஒட்டாம வளையத்தால இறுக்கிப் பிடிக்கறது), ஒட்டி வச்சா ஃபோம் மாத்த டயரையே கிழிக்கணும். கியரிங் விஷயத்துல பேராசை வேணாம்: ஒரு பேட்டரி ஓட்டி முடிச்சு மோட்டார்ல விரல் வைங்க, ரெண்டு மூணு செகண்ட்கூட வைக்க முடியலைன்னா பினியன்ல (மோட்டார்ல இருக்கற சின்ன கியர்) ஒரு பல் குறைச்சுட்டு அடுத்த பேட்டரியை மாட்டுங்க.