காசில்லாமல் வந்த பாட்டு: சாக் டி லா ரோச்சாவின் 'மார்ச் ஆஃப் டெத்'

2003 மார்ச் கடைசியில் மதுரையில் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து இந்தப் பாட்டை இறக்கினேன். இறங்கி முடிய முக்கால் மணி நேரம் ஆச்சு. நடுவில் கரண்ட் போய்விடக் கூடாதே என்று பயந்துகொண்டே இருந்தேன். ஈராக்கில் குண்டு விழத் தொடங்கிச் சில நாள்தான் ஆகியிருந்தது.

அமெரிக்க ராக் குழுவான ரேஜ் அகெய்ன்ஸ்ட் த மெஷினை விட்டு அதன் பாடகர் சாக் விலகியது 2000 அக்டோபரில். மிச்ச மூன்று பேரும் பாடகர் கிறிஸ் கார்னெலைச் சேர்த்துக்கொண்டு ஆடியோஸ்லேவ் என்ற குழு ஆனார்கள், 2002-ல் அவர்கள் ஆல்பமும் வந்துவிட்டது. சாக்கிடமிருந்து மட்டும் சத்தமே இல்லை. போர் வந்ததும் இசையமைப்பாளர் டிஜே ஷாடோவோடு சேர்ந்து செய்த இந்தப் பாட்டை இணையத்தில் இலவசமாகவே விட்டுவிட்டார். சோனியின் எபிக் இசை நிறுவனம் வழியாக ஆல்பம் போட்டுக்கொண்டிருந்தவர்! அடுத்த வருஷம் பளபள அட்டையோடு கடைக்கு வந்திருந்தால் எனக்கு இதில் பாதி மதிப்புகூட இருந்திருக்காது.

ரேஜ் குழுவின் டாம் மொரெல்லோ வாசிக்கும் கிட்டாரைக் காது தேடத்தான் செய்தது. ஆனால் ரேஜ் பாட்டுகளில் வார்த்தை பிடிபட நான்கைந்து தடவை கேட்க வேண்டியிருக்கும் எனக்கு. இதில் முதல் தடவையே விழுந்தது. பழைய இசைத்தட்டுகளிலிருந்து துண்டு துண்டாக எடுத்துக் கோக்கிறவர் ஷாடோ. இங்கே கனமான டிரம்ஸை வைத்துவிட்டுக் குரலுக்கு இடம் விட்டு ஒதுங்கிக்கொள்கிறார். அன்றைய அமெரிக்க அதிபர் புஷ்ஷின் டெக்ஸாஸ் பேச்சைச் சொல்லிவிட்டு, பாலைவனத்து எண்ணெய்க்காக ஏழைகள் கொல்ல வரிசையில் நிற்கிறார்கள் என்கிறார் சாக். எங்கள் தெருவில் பட்டாளத்துக்குப் போன இரண்டு பேரும் வேறு வேலை கிடைக்காமல் போனவர்கள்தான். அந்த இடத்தை மட்டும் திரும்பத் திரும்ப ஓட்டிக் கேட்டேன்.

பாட்டோடு ஓர் அறிக்கையும் விட்டிருந்தார்: பொய்யும் பொருளாதாரத் தடையும் ஏவுகணையும் சுதந்திரமான சமூகத்தை உண்டாக்கியதில்லை, சாதாரண மக்களால்தான் அது முடியும் என்று. பாட்டும் அந்தக் கோபத்தில்தான் நிற்கிறது.

எனக்குக் குறையாகப் பட்டது பல்லவிக்கு ஏறும் இடம். பழைய குழுவாக இருந்தால் அங்கே நான்கு பேரும் சேர்ந்து ஏறி மிதித்திருப்பார்கள். இதில் அந்தக் கனம் போதவில்லை.

ஷாடோ, டிரென்ட் ரெஸ்னர், குவெஸ்ட்லவ் என்று பல இசைக்காரர்களோடு சாக் ஒலிப்பதிவு செய்தும் தனி ஆல்பம் வரவே இல்லை. அந்த ஏக்கம் எனக்கு இன்றும் தீரவில்லை. இந்தப் பாட்டை ஹெட்போன் போட்டுக் கேளுங்கள். செல்போன் ஸ்பீக்கரில் அந்த டிரம்ஸின் அடி காதுக்கு வந்தே சேராது.