பழைய டெஸ்க்டாப்பில் எக்ஸாம்ப்: எந்தப் பதிப்பு, எங்கே மாட்டும்

2 ஜிபி ரேம், 32 பிட் விண்டோஸ் 7. இந்த அளவு கணினியில் பழைய பிஎச்பி, பெர்ல் ஸ்கிரிப்டுகளை ஓட்டிப் பார்க்க எக்ஸாம்ப் (அப்பாச்சி வெப் சர்வர், மரியாடிபி தரவுத்தளம், பிஎச்பி, பெர்ல் எல்லாம் சேர்ந்த இலவசத் தொகுப்பு) இன்றும் நல்ல தேர்வு. ஆனால் புதிய பதிப்பை எடுக்காதீர்கள்; அது 64 பிட் விண்டோஸில் மட்டுமே ஓடும். பழைய ஸ்கிரிப்டுகள் நம்பியிருந்த மைஎஸ்க்யூஎல்_கனெக்ட் வகைத் தரவுத்தளச் செயல்கூறுகளும் பிஎச்பி 7-லேயே நீக்கப்பட்டுவிட்டன. 5.6.40 பதிப்பின் 32 பிட் கோப்பு இரண்டுக்கும் பொருந்தும். எக்ஸ்பி என்றால் 1.8.2 வரைதான்.

நிறுவும் இடம் சி டிரைவின் நேர் கீழே இருக்கட்டும். புரோகிராம் ஃபைல்ஸுக்குள் போட்டால் எழுதும் அனுமதி கிடைக்காமல் திணறும். ‘எம்எஸ்விசிஆர்110 இல்லை’ என்று அப்பாச்சி கிளம்ப மறுத்தால் விஷுவல் சி++ 2012-இன் 32 பிட் ரன்டைம் தேவை. 64 பிட் விண்டோஸிலும் இதே 32 பிட்தான்.

எக்ஸாம்பின் பெரிய பலம் அதன் கன்ட்ரோல் பேனல். நெட்ஸ்டாட் பொத்தானை அழுத்தினால் அப்பாச்சிக்குத் தேவையான 80-ஆம் போர்ட்டை எந்த நிரல் பிடித்திருக்கிறது என்று தெரியும். பிஐடி (ஓடும் நிரலின் எண்) 4 என்றால் பெரும்பாலும் விண்டோஸின் சொந்த வெப் சர்வரான ஐஐஎஸ். அதை நிறுத்துங்கள், இல்லையேல் அப்பாச்சி கான்ஃபிக் கோப்பில் லிசன், சர்வர்நேம் இரண்டு வரிகளிலும் 8080 என்று மாற்றுங்கள். பக்கம் திறக்காமல் 500 (சர்வர் பிழை) வந்தால் பிரவுசரை வெறித்துப் பார்ப்பதில் பயனில்லை, லாக்ஸ் பொத்தானில் எரர் லாகின் கடைசி வரியைப் படியுங்கள். பெர்ல் ஸ்கிரிப்ட் என்றால் முதல் வரியில் லினக்ஸ் பாதை அப்படியே இருக்கும். அதை எக்ஸாம்பின் பெர்ல் பாதையாக மாற்ற வேண்டும்.

பலவீனம் மரியாடிபி. யுபிஎஸ் இல்லாத மேசையில் கரண்ட் போனால் அடுத்த முறை எழாமல் போகலாம். அப்போது ஐபிடேட்டா1 கோப்பை அழிக்கச் சொல்லும் யோசனையைக் கேட்கவே கேட்காதீர்கள், உங்கள் அட்டவணைகளின் விவரம் அதற்குள்தான் இருக்கிறது. மரியாடிபியின் டேட்டா ஃபோல்டரின் பெயரை மாற்றி வைத்து, பேக்கப் ஃபோல்டரின் நகலை டேட்டா என்ற பெயரில் வையுங்கள். பழையதிலிருந்து உங்கள் தரவுத்தள ஃபோல்டர்களையும் ஐபிடேட்டா1-ஐயும் மட்டும் அதற்குள் கொண்டுவாருங்கள். பெரும்பாலும் எழுந்துவிடும்.

தமிழ்ப் பக்கங்களுக்குத் தனிக் கவனம் வேண்டும். விண்டோஸ் 7 நோட்பேட், யுடிஎஃப்-8 ஆகச் சேமிக்கும்போது கோப்பின் தொடக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத 3 பைட்டுகளை (பிஓஎம்) சேர்க்கிறது. ‘ஹெடர்ஸ் ஆல்ரெடி சென்ட்’ பிழை முதல் வரியைக் காட்டினால் காரணம் அதுவே. நோட்பேட்++ நிரலில் பிஓஎம் இல்லாமல் சேமித்தால் போய்விடும். அட்டவணையில் தமிழுக்குப் பதில் கேள்விக்குறிகள் தெரிந்தால் எழுத்து போய்விட்டது, மறுபடி தட்டச்ச வேண்டியதுதான். புரியாத ஐரோப்பிய எழுத்துகளாகத் தெரிந்தால் பெரும்பாலும் மீட்கலாம். தரவுத்தள இணைப்பின் எழுத்துக் குறியீட்டு முறை லத்தீன்1-இல் நிற்கிறதா என்று பாருங்கள்.

தரவுத்தளத்தின் ரூட் பயனருக்குக் கடவுச்சொல்லே இல்லாமல்தான் எக்ஸாம்ப் வருகிறது. பிஎச்பி 5.6-க்கான பாதுகாப்புத் திருத்தங்களும் 2019 ஜனவரியோடு நின்றுவிட்டன. ஆகவே சோதனைக்கு மட்டும். ரவுட்டரில் போர்ட் திறந்து வெளியே விடவே கூடாது.

வெளித்தளத்தை அழைக்கும் ஸ்கிரிப்ட் மட்டும் சான்றிதழ் பிழை காட்டினால் கணினியின் தேதியைப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் பல ஆண்டு பின்னால் போகிறதென்றால் மதர்போர்டில் உள்ள சிஆர்2032 பேட்டரியை மாற்றுங்கள்.