சோனிக் 2-ஆ, சோனிக் சிடியா?

செகாவின் பழைய சோனிக் வீடியோ கேம்களில் எதிலிருந்து தொடங்குவது என்று கேட்டால், 1991இல் வந்த முதல் கேம் என்று யோசிக்காமல் சொல்லிவிடுவேன். அடுத்தது எது என்பதில்தான் ரசிகர்கள் இன்றும் இரண்டு கட்சியாக நிற்கிறார்கள். ஒரு பக்கம் 1992 நவம்பரில் செகாவின் மெகா டிரைவ் கேம் கருவிக்கு வந்த சோனிக் 2. இன்னொரு பக்கம் 1993 செப்டம்பரில் ஜப்பானில், அந்தக் கருவியோடு இணைக்கும் மெகா சிடி என்ற வட்டுக் கருவிக்கு வந்த சோனிக் சிடி. இரண்டுமே முதல் கேமின் நேர் வாரிசுகள். ஒரே செகா கம்பெனிக்காக, பசிபிக் கடலின் இரண்டு கரைகளில், ஏறக்குறைய ஒரே காலத்தில் தனித்தனியாக உருவானவை.

இப்படி இரண்டு வாரிசுகள் வந்த கதை தெரிந்தால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசமும் விளங்கிவிடும். முதல் சோனிக்கை மூன்று பேரின் கேம் என்று சொல்லலாம். நிரலை எழுதியவர் யூஜி நாகா. அந்த நீல முள்ளெலியை வரைந்தவர் நாவோட்டோ ஓஷிமா. எந்தச் சரிவு எங்கே இறங்கும், எந்த வளையத்தை (கையில் ஒன்று இருந்தாலும் அடிபட்டால் உயிர் போகாது) எங்கே தொங்கவிடுவது என்று லெவல்களை அமைத்தவர் ஹிரோகாசு யாசுஹாரா. இதில் யாசுஹாரா அப்போதே அமெரிக்காவுக்குப் போய் கேம் வடிவமைப்பாளர் மார்க் செர்னியோடு வேலை செய்ய இருந்தவர். வளைகுடாப் போரால் பயணம் தள்ளிப்போனது, அந்த இடைவெளியில் சோனிக் வேலைக்கு வந்தார். அந்தப் பயணம் தள்ளிப்போகாமல் இருந்திருந்தால் முதல் கேமின் தொடக்கக் களமான கிரீன் ஹில் ஜோன் எப்படி இருந்திருக்கும் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன்.

முதல் கேம் முடிந்ததும் நாகா மனக்கசப்போடு செகாவை விட்டு விலகினார். செர்னி அவரை கலிபோர்னியாவில் தான் நடத்திவந்த செகா டெக்னிக்கல் இன்ஸ்டிட்யூட்டுக்கு அழைத்துக்கொண்டார். (இந்தச் செர்னிதான் பின்னாளில் பிளேஸ்டேஷன் 4, 5 இரண்டையும் வடிவமைத்தவர்.) யாசுஹாராவும் அங்கே போய்ச் சேர்ந்தார். ஓஷிமா ஜப்பானிலேயே இருந்துவிட்டார். ஆக, ஓட்டத்தின் கணக்கைப் போட்டவரும் பாதையைப் போட்டவரும் சோனிக் 2-க்குப் போனார்கள். அந்த உலகத்தைக் கற்பனை செய்தவர் சோனிக் சிடியின் இயக்குநர் ஆனார். இரண்டு கேம்களையும் அடுத்தடுத்து ஆடும்போது, குடும்பச் சொத்தைப் பிரித்தபோது யார் கைக்கு எது போனது என்று அப்படியே தெரிகிறது.

சோனிக் 2-இன் மேன்மையை ஒரே இடத்தில் காட்ட வேண்டுமென்றால் கெமிக்கல் பிளான்ட் ஜோன் போதும். தொடங்கிய சில நொடிகளிலேயே தரை கீழ்நோக்கிச் சரிகிறது. அந்தச் சரிவில் உருண்டு இறங்கினால் அடுத்த வளைவு நம்மைத் தூக்கிவிடும், அங்கிருந்து குழாய்க்குள், குழாயிலிருந்து மறுபடி சரிவு. திரை நகர்வதற்கு ஒரு வேக வரம்பு உண்டு, அதையும் தாண்டிப் போய் சோனிக் திரைக்கு வெளியே மறைந்துவிடுவான். கேமரா பின்னாலேயே ஓடிவந்து பிடிக்கும். சோனிக் வேகமாக ஓடுபவன் என்று சொல்லக் கேட்பது ஒன்று, கேமராவே பின்தங்குவதைக் கண்ணால் பார்ப்பது வேறு.

ஆனால் அதே ஜோனின் இரண்டாம் பகுதியில் வேகம் முழுக்க நிற்கிறது. ஊதா நிறத் திரவம் கீழிருந்து ஏறிக்கொண்டே வரும். மேலே போக, இடம் மாறிக்கொண்டே இருக்கும் கட்டைகள்தான் படிக்கட்டு. ஒரு தாவல் பிசகினால் திரவத்துக்குள் விழ வேண்டியதுதான். மூச்சு முட்டும்போது வரும் அந்தப் பதற்ற இசையும் ஐந்திலிருந்து இறங்கும் எண்களும் எனக்கு இன்றும் நெஞ்சைப் படபடக்க வைக்கின்றன. யாசுஹாராவின் கைவரிசை இதில்தான் இருக்கிறது. ஓடவிட்டு, நிறுத்தி, தவிக்கவிட்டு, பிறகு மறுபடி ஓடவிடுவார். வேகம் சும்மா கிடைப்பதில்லை. பாதையைப் படித்து, சரியான இடத்தில் உருண்டவர்களுக்குத்தான் அது கூலியாகக் கிடைக்கும்.

கீழே குனிந்தபடி பட்டனைத் தட்டித்தட்டி முறுக்கேற்றிப் பாயும் ஸ்பின் டாஷ் இந்தக் கேமில்தான் வந்தது. முதல் கேமில் ஒரு மேட்டின் அடியில் நின்றுவிட்டால் பின்னால் போய் ஓடிவந்து ஏற வேண்டும். அந்த எரிச்சல் ஒரே அசைவில் தீர்ந்தது. யாசுஷி யமகுச்சி வரைந்த இரட்டைவால் நரி டெயில்ஸும் இதில்தான் அறிமுகம். இரண்டாவது கன்ட்ரோலரை வீட்டில் இருக்கும் தம்பியிடமோ தங்கையிடமோ கொடுத்துவிடலாம். டெயில்ஸ் எத்தனை முறை விழுந்தாலும் பறந்து திரும்பி வந்துவிடுவான், ஆட்டம் கெடாது. சின்னப் பிள்ளைகளை ஒதுக்காமல் கூட்டிக்கொண்டு ஓடும் கேம் இது.

குறைகளும் சொல்ல வேண்டும். ஓர் ஆண்டுக்குள் அவசரமாக முடித்த வேலை என்பது கடைசியில் தெரிகிறது. ஹிடன் பேலஸ் என்ற ஜோன் பாதியில் வெட்டப்பட்டது. மெட்ரோபோலிஸ் ஜோன் மற்றவை போல இரண்டு பகுதிகளோடு முடியாமல் மூன்றாக நீளும். அங்கே கும்பிடுபூச்சி ரோபோ வீசும் கத்தியிடம் வளையங்களைப் பறிகொடுத்துப் பறிகொடுத்தே அலுத்துவிடும். இறுதிக் களமான டெத் எக்கில் ஒரு வளையம்கூட இல்லாமல் இரண்டு எதிரிகளை அடுத்தடுத்து வெல்ல வேண்டும். அது கடினம் என்பதைவிட, அதுவரை நமக்குக் கற்றுக்கொடுத்த விதியையே பறித்துக்கொள்வது போல இருக்கிறது.

சரி, சோனிக் சிடிக்கு வருவோம். சோனிக் 2-க்கும் முதலில் காலப்பயணக் கதை யோசிக்கப்பட்டு பிறகு கைவிடப்பட்டது. ஓஷிமாவின் குழுவோ காலப்பயணத்தையே கேமின் அச்சாணியாக வைத்தது. வழியில் 'கடந்த காலம்', 'எதிர்காலம்' என்று எழுதிய பலகைகள் நிற்கும். ஒன்றைச் சுழற்றிவிட்டு உச்ச வேகத்தில் சில நொடிகள் தடையில்லாமல் ஓட வேண்டும். உடம்பைச் சுற்றி மின்மினி போலப் பொறிகள் பறக்கத் தொடங்கும். அதற்குள் ஒரு சுவரில் முட்டினால் பொறிகள் அணைந்து, பலகையும் வீணாகும். தாக்குப்பிடித்தால் திரை வெளுத்து, அதே இடம் வேறொரு காலத்தில் விரியும். இரும்பு முளைத்த இடத்தில் கடந்த காலத்தில் காடு இருக்கும். அங்கே ஒளித்து வைக்கப்பட்டிருக்கும் ரோபோ இயந்திரத்தைத் தேடி உடைத்தால் எதிர்காலம் பூத்துக் குலுங்கும். விட்டுவிட்டால் துருவும் புகையும்தான்.

இவ்வளவு அழகான யோசனை அந்தக் காலத்து ஓடிக் குதிக்கும் கேம்களில் அரிது. இங்கே வேகம் சாவியாக மாறுகிறது. சிக்கல் என்னவென்றால், சாவியைத் திருப்ப இடமே விடாமல் வீடு கட்டியிருக்கிறார்கள். கொலிஷன் கேயாஸ் ஜோனில் திரும்பிய பக்கமெல்லாம் ஸ்பிரிங்கும் பின்பால் தட்டியும். வேக்கி வொர்க்பெஞ்சில் தரையே மின்னி மின்னி நம்மைக் கூரைவரை தூக்கி எறியும். பத்தடி நேராக ஓட வழியில்லாத இடத்தில் பலகையைச் சுழற்றிவிட்டு எங்கே ஓடுவது? கடைசியில் அனுபவசாலிகள் செய்வது, இரண்டு ஸ்பிரிங்குகளுக்கு நடுவே முன்னும் பின்னும் மோதிக்கொண்டே வேகத்தைத் தக்கவைப்பது. வேலை நடக்கும், ஆனால் அதை ஓட்டம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. பாதை போடத் தெரிந்த மனிதர் கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தார் என்பதை இங்கேதான் உணர்கிறேன்.

இசையில் மட்டும் என் மனம் சிடி பக்கம் சாய்ந்துவிடும். சோனிக் 2-க்கு டிரீம்ஸ் கம் ட்ரூ இசைக்குழுவின் மசாட்டோ நாகமுரா மெட்டுகள் தந்தார், மெகா டிரைவின் யமஹா சில்லில் அவை இன்றும் இனிக்கின்றன. ஆனால் சிடியில் இடத்துக்குப் பஞ்சமில்லை. ஒவ்வொரு ஜோனுக்கும் நிகழ்காலம், கடந்த காலம், நல்ல எதிர்காலம், கெட்ட எதிர்காலம் என்று நான்கு வடிவங்கள். ஜப்பானில் நவோஃபுமி ஹடாயாவும் மசாஃபுமி ஒகாடாவும் போட்ட இசையை ஐரோப்பாவிலும் கேட்டார்கள். அமெரிக்காவில் மட்டும் ஸ்பென்சர் நில்சனையும் டேவிட் யங்கையும் வைத்து மாற்றிவிட்டார்கள். ஒரே ஒரு விதிவிலக்கு: கடந்த காலத்துக்கான மெட்டுகள் வட்டில் தனிப் பாடலாக இல்லாமல் கேமின் நிரலோடு ஒலித்துணுக்குகளாகக் கலந்திருந்தன. அதனால் அவற்றை மாற்ற முடியவில்லை. அமெரிக்கப் பிள்ளைகள் காலத்தில் பின்னோக்கிப் போனால் திடீரென்று ஜப்பானிய இசை கேட்கும். யாரும் திட்டமிடாத ஒரு சின்ன அதிசயம் இது.

விற்பனையை வைத்து இரண்டையும் எடைபோடுவது நியாயமில்லை. சோனிக் 2 அறுபது லட்சத்துக்கும் மேல் விற்றது, சிடி அதன் அருகில்கூட வரவில்லை. மெகா சிடி கருவிக்கு அமெரிக்காவில் 299 டாலர் கேட்டார்கள். அதை மெகா டிரைவோடு இணைத்தால்தான் ஆடவே முடியும். எத்தனை வீடுகளில் அதை வாங்கியிருப்பார்கள்?

என் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். ஒன்றுதான் ஆடப்போகிறீர்கள் என்றால் சோனிக் 2. சரிவு, வளைவு, உருளல் மூன்றும் சேர்ந்து கை விரலுக்கு ஒரு தாளம் கற்றுக்கொடுக்கும், அது வேறெதிலும் கிடைக்காது. அதை முடித்தவர்கள் கட்டாயம் சிடிக்கு வர வேண்டும். அதற்கு 2011இல் கிறிஸ்டியன் வைட்ஹெட் புதிதாக எழுதிக் கொடுத்த பதிப்பே சிறந்தது. அதில் இரண்டு நாட்டு இசையும் உண்டு, ஜப்பானியத்தைத் தேர்ந்தெடுங்கள். ஸ்பின் டாஷையும் சோனிக் 2-இல் உள்ளது போல மாற்றிக்கொள்ளலாம். இந்த ஒரு மாற்றமே பாதி எரிச்சலைக் குறைத்துவிடும்.

அப்புறம், அலுத்துப்போய்ப் பாதியில் விட்டுவிடாதீர்கள். ஆறாவது ஜோனான ஸ்டார்டஸ்ட் ஸ்பீட்வேயின் முடிவுவரையாவது போங்கள். அங்கே சோனிக்கின் ரோபோ நகலான மெட்டல் சோனிக் பக்கத்தில் வந்து நிற்பான். பின்னாலேயே வில்லன் எக்மேன் லேசரை நீட்டிக்கொண்டு வருவான், சுணங்கினால் அதோடு சரி. பலகை இல்லை, தேட இயந்திரம் இல்லை. நெடுஞ்சாலை, முள், உங்களைப் போலவே ஓடும் ஓர் இரும்பு உருவம், அவ்வளவுதான்.