‘ஸ்டட்லெஸ்’ டயர் என்று காட்டினால் வாங்காதீர்கள்: காரைக்குடி பக்கம் வண்டி வைத்திருப்பவர்களுக்கு

காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல் பக்கம் கார், லாரி வைத்திருப்பவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். ‘ஃபாரின் டயர்’ என்று சொன்னதை நம்பிப் பழைய டயர் நாலு வாங்கி 13,000 ரூபாயைத் தொலைத்தேன். பணத்தைக்கூட விடுங்கள், பன்னிரண்டு வருஷமாக ஸ்டீயரிங் பிடிக்கிறவன் இதில் போய் விழுந்தேனே என்பதுதான் இன்னும் ஆறவில்லை. கடைப் பெயரைக் கேட்காதீர்கள். புகார் கொடுத்திருக்கிறேன், அது முடிகிற வரைக்கும் பெயரைப் போடுவதாக இல்லை.

என்னிடம் இருப்பது ஒரு எர்டிகா, வாடகைக்கு ஓடுகிறது. திருச்சி ஏர்போர்ட்டில் இருந்து மலேசியா, சிங்கப்பூர் ஆட்களை ஏற்றி வருவது, பிள்ளையார்பட்டி, குன்றக்குடி, கானாடுகாத்தான், ஆத்தங்குடி என்று சுற்றிக் காட்டுவது, முகூர்த்த மாசத்தில் சம்பந்தி வீட்டார் சவாரி, இதுதான் பிழைப்பு. 2024 சித்திரையில் நாலு டயரும் ஒன்றாகத் தேய்ந்து, பள்ளத்துக்குள் இருக்கும் தேய்மான மேட்டைத் தொட்டுவிட்டன. அதைத் தொட்டால் டயர் முடிந்தது என்று அர்த்தம். புது டயர் நாலுக்கு 22,000 சொன்னார்கள். அந்த மாசம் பொண்ணுக்குக் காலேஜ் ஃபீஸ். கையைப் பிசைந்துகொண்டு நின்றபோது சக டிரைவர் ஒருவர் ஊருக்கு வெளியே இருந்த இந்தக் கடையைக் காட்டினார்.

கடைக்காரர் நல்ல பேச்சுக்காரர். டீ வரவழைத்தார். “அண்ணே, ஜப்பான் சரக்கு. அங்கெல்லாம் கொஞ்சம் ஓட்டிட்டுத் தூக்கிப் போட்ருவாங்க. நம்ம ஊர்ல புதுசே இப்படி வராது” என்று நாலு டயரை உருட்டி வந்து நிறுத்தினார். பட்டன், அதாவது ரோட்டில் படும் ரப்பர் கட்டம், நல்ல ஆழம். அளந்தும் காட்டினார், ஆறு மில்லிமீட்டருக்குக் குறையவில்லை. ஒவ்வொரு பட்டன் மேலும் பிளேடால் கீறியது போல வளைந்து வளைந்து நெருக்கமாகக் கோடுகள். “இந்தக் கோடு இருக்கே, மழைத் தண்ணிய உறிஞ்சி எடுத்துரும்” என்றார். பிறகு என் கட்டைவிரலைப் பிடித்து பட்டன் மேல் வைத்து அமுக்கச் சொன்னார். ரப்பர் உள்ளே போய் வந்தது. “பாத்தீங்களா, வெண்ணெய் மாதிரி. இதான் ஃபாரின் குவாலிட்டி.”

சைடில் பெரிய எழுத்தில் ஸ்டட்லெஸ் என்று போட்டிருந்தது. அது என்ன என்று கேட்டேன். கேட்டேன் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கேட்காமல் ஏமாறவில்லை. “ட்யூப்லெஸ் தெரியும்ல? அதுக்கு அடுத்த மாடல் இது.”

நானும் தலையை ஆட்டினேன். இதை எழுதும்போதும் சிரிப்பும் கோபமும் சேர்ந்தே வருகிறது.

பேரம் பேசி 13,000. எட்டாயிரம் ஜீபேயில், ஐயாயிரம் கையில். பில் கேட்டதற்கு, “பழைய பொருளுக்கு ஏதுண்ணே பில்லு” என்று ஒரு துண்டுச் சீட்டில் ‘டயர் 4’ என்று பென்சிலால் எழுதிக் கொடுத்தார்.

முதல் வாரமே வண்டி மிதக்கிற மாதிரி இருந்தது. ஸ்டீயரிங்கைத் திருப்பினால் ஒரு கணம் தயங்கிப் பிறகுதான் வண்டி திரும்புகிறது. அறுபதைத் தாண்டினால் அடியில் இருந்து ஒரு ரீங்காரம். லிட்டருக்குப் பதினெட்டு கொடுத்த வண்டி பதினாறுக்கு இறங்கியது. அலைன்மென்ட்தான் கெட்டுவிட்டது என்று தேவகோட்டையில் ஒரு பட்டறைக்குப் போனேன். சரிபார்த்துவிட்டு, “எல்லாம் கரெக்டா இருக்குண்ணே, வீணாக் காசு குடுக்காதீங்க” என்று அனுப்பிவிட்டார் அந்தப் பையன். நான் கேட்காமல் வேறொரு இடத்தில் மறுபடி காசு கொடுத்து அலைன்மென்ட் பார்த்தேன்.

அக்னி நட்சத்திர வெயில். ஒரு நாள் மத்தியானம் பினாங்கில் இருந்து வந்த ஆச்சி ஒருவரை ஏற்றிக்கொண்டு திருச்சி ரோட்டில் வருகிறேன். திருமயத்துக்கு முன்னால் ஆட்டு மந்தை ஒன்று ரோட்டில் இறங்கியது. தூரத்திலேயே பார்த்துவிட்டேன், வழக்கமாக மிதிக்கிற இடத்தில்தான் பிரேக்கை மிதித்தேன். வண்டி நிற்கவேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்க்கொண்டே இருக்கிறது. சறுக்கல் இல்லை, சத்தம் இல்லை, காலுக்கு அடியில் ஏதோ நெளிகிற மாதிரி. கடைசி ஆட்டுக்கு ஒரு முழம் இருக்கும்போது நின்றது. பின்னால் ஆச்சியின் நெற்றி முன்சீட்டில் இடித்துவிட்டது. “பாத்து ஓட்டப்பா” என்று மட்டும் சொன்னார்கள். வீடு சேரும் வரை நான் வாயைத் திறக்கவில்லை.

வீட்டுக்கு வந்து டயரைப் பார்த்தால் முன் இரண்டிலும் பட்டன்களின் ஓரம் பிசிறு பிசிறாகப் பெயர்ந்திருந்தது, அழிரப்பர் தேய்ந்து உதிர்வது போல. எட்டாயிரம் கிலோமீட்டர்கூட ஓடவில்லை, ஆறு மில்லி மூன்றரை ஆகியிருந்தது. பள்ளத்துக்குள்ளே சின்னதாகப் படிக்கட்டு மாதிரி மேடுகள் பட்டனோடு சமமாகி மேலே தெரிந்தன. தேய்மான மேடுதான் வந்துவிட்டது, டயர் முடிந்தது என்று பயந்துபோய்க் கடைக்கு ஓடினேன். “அது ஒண்ணுமில்லண்ணே, டிசைன்” என்றார்.

படத்தை எடுத்து டொராண்டோவில் இருக்கும் சித்தப்பா மகனுக்கு அனுப்பினேன். அவன் அங்கே இருபது வருஷமாக இருக்கிறான், கார் பைத்தியம். அடுத்த நிமிஷமே வீடியோ கால். பேச்சே வரவில்லை, சிரிப்புதான். “அண்ணே, இது பனியில ஓட்டுற டயர்! ஐஸ் மேல ஓட்டுறது. சித்திரை வெயில்ல செட்டிநாட்ல எதுக்குண்ணே?”

அவன் சொன்னதையும் அதன்பிறகு நானாகத் தேடிப் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். நம் ஊர் டயரின் ரப்பர் குளிரில் இறுகும். ஏறக்குறைய 7 டிகிரிக்குக் கீழே போனால் ரோட்டைச் சரியாகப் பிடிக்காது. அதனால் பனி விழும் நாடுகளில் குளிரிலும் இறுகாத மெதுவான ரப்பரில் தனியாக டயர் செய்கிறார்கள். கனடாவில் கியூபெக் மாநிலத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை இந்த டயர் இல்லாமல் கார் ஓட்டுவது சட்டப்படி குற்றம். இவன் இருக்கும் ஒன்டாரியோவில் கட்டாயம் இல்லை, ஆனால் போட்டால் இன்சூரன்ஸில் தள்ளுபடி கொடுக்கவேண்டும். குளிர்காலம் முடிந்ததும் கழற்றி வைத்துவிட்டுக் கோடை டயர் மாட்டுவார்கள். ஏன் என்றால் வெயிலில் அந்த ரப்பர் களிமண் மாதிரி குழைந்து தேய்ந்துவிடும், பிரேக் போட்டால் நிற்கும் தூரமும் கூடும். கனடாக் கோடைக்கே ஆகாத டயரை, மத்தியானத்தில் 50 டிகிரியைத் தாண்டிக் கொதிக்கும் நம் தார் ரோட்டில் நான் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். மார்கழி விடியலில்கூட நம் ஊர் 7 டிகிரியைக் கண்டதில்லை.

அந்தக் கீறல் கோடுகள் பனியைக் கவ்விப் பிடிக்க வைத்தவை. பட்டன் முழுக்கக் கீறல் இருப்பதால் வெறும் தார் ரோட்டில் பிரேக் போடும்போது ஒவ்வொரு பட்டனும் வளைந்து கொடுக்கிறது. காலுக்கு அடியில் நெளிந்தது அதுதான். ஸ்டட் என்றால் டயரில் பதிக்கும் ஆணி. ஜப்பானில் முன்பு ஆணி டயர்தான் போடுவார்களாம். அது ரோட்டைச் சுரண்டிக் கிளப்பிய தூசி பெரிய தொல்லையாகி, 1990இல் அதைத் தடுக்கச் சட்டம் வந்தது. ஆணி இல்லாமலே ஐஸில் பிடிக்கும் டயருக்கு ஸ்டட்லெஸ் என்று பெயர். ட்யூப்லெஸ்ஸுக்கு அடுத்த மாடலாம்!

‘டிசைன்’ என்று கடைக்காரர் தள்ளிவிட்ட படிக்கட்டு மேட்டுக்கும் விஷயம் இருக்கிறது. ஜப்பான் பனி டயரில் இரண்டு வகை மேடுகள் உண்டு. ஒன்று எல்லா டயரிலும் இருக்கும் 1.6 மில்லி தேய்மான மேடு. இன்னொன்று பாதி தேய்ந்ததும் தெரிகிற மேடு. அது தெரிந்துவிட்டால் அந்த டயரைப் பனிக்குப் போட முடியாது, அங்கே கழித்துவிடுவார்கள். புதுசிலேயே ஆழம் அதிகம் என்பதால் பாதி போன பிறகும் நம் கண்ணுக்கு அது முக்கால் புதுசாகத் தெரியும். அளவுகோல் வைத்து ஆழத்தைக் காட்டி விற்கிறவர்களுக்கு இதைவிடத் தோதான சரக்கு ஏது?

சரி, தேதியையாவது பார்ப்போம் என்று படுத்துக்கொண்டு டார்ச் அடித்துத் தேடினேன். டயரின் பக்கச்சுவரில் நீள்வட்டத்துக்குள் கடைசி நாலு எண், முதல் இரண்டும் எத்தனையாவது வாரம், அடுத்த இரண்டும் வருஷம். முன் டயர் இரண்டிலும் 0819, அதாவது 2019இல் எட்டாவது வாரம். பின் டயர் இரண்டிலும் 4317. பார்க்க நாலும் ஒரே கம்பெனி, ஒரே டிசைன். பின்னால் விரலை வைத்து அமுக்கினால் கல் மாதிரி, பட்டன் இடுக்கில் மயிரிழை வெடிப்பு. கடையில் என்னை அமுக்கச் சொன்னது எந்த ஜோடி என்று இப்போது புரிந்தது. முன்னால் மெதுவும் பின்னால் இறுகலுமாக மழையில் ஒரு வளைவில் மிதித்திருந்தால் பின்பக்கம் சுற்றிக்கொண்டு போயிருக்கும். நல்லவேளை, அந்த டயர் ஓடிய நாட்களில் பெரிய மழை இல்லை.

ஐ.எஸ்.ஐ. முத்திரை நாலிலும் இல்லை. 2009இல் வந்த தரக்கட்டுப்பாட்டு ஆணைப்படி இங்கே கடையில் விற்கும் கார் டயரில் அது இருக்கவேண்டும், எண் ஐ.எஸ். 15633. லாரி டயருக்கு 15636. பழைய டயர்தான் வாங்கப் போகிறீர்கள் என்றாலும் முதலில் அதைத் தேடுங்கள். அந்த முத்திரை இல்லாத டயர் நம் ஊர் ரோட்டுக்காகச் செய்ததில்லை.

பனி டயருக்கு இன்னொரு அடையாளம், மூன்று முகடு உள்ள மலைக்குள் ஒரு பனிச்செதில் பூ. கனடா, ஐரோப்பா சரக்கில் இருக்கும். எம் ப்ளஸ் எஸ் என்ற எழுத்தை மட்டும் பார்த்துவிட்டுப் பயப்பட வேண்டாம். சேறு, பனி இரண்டுக்கும் ஆகும் என்று கம்பெனியே பட்டன் டிசைனை வைத்துப் போட்டுக்கொள்வது அது, தனிச் சோதனை எதுவும் கிடையாது. நம் ஊரில் ஓடும் பெரிய கார், லாரி டயர்களில்கூட உண்டு. கூடவே ஸ்டட்லெஸ் என்ற எழுத்தோ, மலைப் பூவோ, பட்டன் முழுக்கக் கீறலோ இருந்தால் கிளம்பி வந்துவிடுங்கள். அளவுக்குப் பக்கத்தில் வரும் வேக எழுத்தையும், அதாவது டயர் தாங்கும் அதிகபட்ச வேகத்தைக் குறிக்கும் எழுத்தையும் பாருங்கள். நம் கார்களுக்குப் பெரும்பாலும் எஸ், டி, எச் வரும். என்னுடையதில் க்யூ, ஜப்பான் பனி டயரில் அது சகஜம்.

லாரிக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. புதுவயல் ரைஸ்மில் ஒன்றுக்கு லாரி ஓட்டும் என் மச்சானும் அதே கடையில் முன்சக்கரத்துக்கு இரண்டு டயர் விலை பேசி வைத்திருந்தார். என் கதையைக் கேட்டு இரண்டு பேரும் போய்ப் பார்த்தோம். பனி டயர் இல்லை, அதைவிட மோசம். மொட்டையான டயரில் சூட்டுக் கத்தியால் காடி, அதாவது புதுப் பள்ளம், வெட்டிக் கறுப்பு பாலிஷ் போட்டு வைத்திருக்கிறார்கள். காடிக்குள் இருக்கவேண்டிய தேய்மான மேடே வெட்டுப்பட்டுப் போயிருந்தது. லாரி டயரில் காடி வெட்ட இடம் உண்டு, அதற்காகவே தடிமனாகச் செய்து ரீக்ரூவபிள் என்று சைடில் அச்சடித்த டயராக இருந்தால். இதில் அந்த எழுத்து இல்லை. பத்து டன் நெல்லோடு முன்டயர் வெடித்தால் என்ன ஆகும் என்று மச்சானுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. அட்வான்ஸ் ஆயிரத்தை விட்டுவிட்டு வந்துவிட்டார்.

என் பணத்துக்குச் சண்டை போட்டேன். “ஓட்டிட்டு வந்து கேட்டா எப்படிண்ணே? பழைய டயருக்கு கேரண்டி உண்டா?” என்றார். பழசு என்பது தெரிந்துதான் வாங்கினேன், பனி டயர் என்பதைச் சொல்லாமல் விற்றது ஏமாற்று இல்லையா என்று கேட்டதற்கு, “எனக்கே தெரியாதுண்ணே” என்று ஒரே வரி. தெரியாதவர் எதற்கு ஸ்டட்லெஸ்ஸுக்கு விளக்கம் சொன்னார்?

தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915க்கு அடித்துப் புகாரைப் பதிந்தேன். முதல் கேள்வியே பில் இருக்கிறதா என்பதுதான். பென்சில் சீட்டை வைத்துக்கொண்டு முழித்தேன். ஜீபேயில் பணம் போன பெயர் கடைப் பெயரே இல்லை, வேறு யாரோ. இருந்தாலும் அந்த ஸ்கிரீன்ஷாட், டயர் படங்கள், அலைன்மென்ட் ரசீது எல்லாவற்றையும் சேர்த்துச் சிவகங்கை நுகர்வோர் ஆணையத்தில் மனு போட்டிருக்கிறேன். ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது, வாங்கி இரண்டு வருஷத்துக்குள் போடவேண்டும். இதே கடையில் யாராவது வாங்கி அவதிப்பட்டிருந்தால் எனக்குத் தனியாக எழுதுங்கள், பில்லோடு ஒருவர் கிடைத்தால்கூடப் போதும்.

கடன் வாங்கி நாலு புது டயர் போட்டாகிவிட்டது. தேதி பார்த்து, முத்திரை பார்த்து, பில் வாங்கி. கழற்றிய நாலும் வீட்டுத் திண்ணை ஓரத்தில் கிடந்தன. மனு போட்ட சேதி தெரிந்ததும் கடைக்காரரே போன் போட்டார். “சண்டை எதுக்குண்ணே, அந்த டயரத் திருப்பிக் குடுத்துருங்க, ஒண்ணுக்கு அறுநூறு தர்றேன்.” நாலுக்கு 2,400. கொஞ்ச நேரம் யோசித்தேன், பொய் சொல்லவில்லை. மறுநாளே அதைத் துடைத்து, கறுப்பு பாலிஷ் போட்டு, இன்னொருவனுடைய கட்டைவிரலைப் பிடித்து அமுக்கச் சொல்வார். சாட்சிக்கு வேண்டும் என்று முன் டயர் ஒன்றையும் பின் டயர் ஒன்றையும் மச்சுக்கு ஏற்றினேன். மற்ற இரண்டின் பக்கச்சுவரையும் ரம்பத்தால் சுற்றி அறுத்து மாமனார் தோட்டத்துக்குக் கொடுத்துவிட்டேன். இப்போது அதில் கோழிக்குத் தண்ணீர் வைக்கிறார்கள்.