கொடைக்கானலே போயிருக்கலாம். 1,83,750 ரூபாய் போச்சு, நீங்களாவது உஷாரா இருங்க

2025 மே 17 சனிக்கிழமை திருச்சியிலிருந்து கோலாலம்பூருக்கு விமானம் ஏறியிருக்கணும். இன்னிக்கு 22. கட்டின பெட்டி எல்லாம் ஹால்லயே கிடக்கு, பிரிக்க மனசு வரலை. டூர் ஏஜென்சிக்காரன் ஏமாத்தினதுல போனது 1,83,750 ரூபாய்.

கடை பேரு எழுதலை. புகார் கொடுத்திருக்கோம், பேரு எழுத வேண்டாம்னு வக்கீல் சொல்லிட்டார். மாடியில இருக்கிற ஒரு டூர் ஏஜென்சி. ஏசி ரூம், சுவர்ல ட்வின் டவர் படம், வாசல்ல "ஊட்டிச் செலவில் வெளிநாடு"ன்னு போர்டு. இதுக்கு மேல சொல்ல முடியாது.

எங்க வீட்ல வருஷா வருஷம் லீவுக்குக் கொடைக்கானல்தான். இந்த வருஷம் அத்தை (என் மாமியார்) ஒரே பிடி. "கொடைக்கானல் எத்தனை தடவை பாத்தாச்சு, பத்துமலை முருகனை ஒரு தடவை காட்டுங்கடா." அது மலேசியாவுல, கோலாலம்பூர் பக்கத்துல. அங்கயே கிள்ளான்ல அவங்க அண்ணன் குடும்பம் வேற இருக்கு. பத்துமலையில 272 படியாச்சே, முட்டி தாங்குமான்னு கேட்டதுக்கு, மலைக்கோட்டை ஏறுறவளுக்கு அதெல்லாம் ஒரு கணக்கான்னாங்க. அதுக்காகவே வெள்ளிக்கிழமை தவறாம மலைக்கோட்டை ஏற ஆரம்பிச்சாங்க. இதை எழுதுறப்பவே வயிறு எரியுது.

ஏப்ரல் 12 அந்தக் கடைக்குப் போனோம். நான் ஏமாந்தது எங்கேன்னா, அவன் முதல்ல மலேசியாவே பேசலை. "மேடம், பட்ஜெட் முக்கியம்னா கொடைக்கானலே போங்க"ன்னான். இ-பாஸ் கட்டாயம், ஜூன் கடைசி வரைக்கும் ஒரு நாளைக்கு வார நாள்ல 4,000 வண்டி, சனி ஞாயிறுன்னா 6,000 தான் விடுவாங்க, இ-பாஸ் இலவசம், அதுக்கு யார் காசு கேட்டாலும் கொடுக்காதீங்கன்னான். அப்ப அத்தனையும் உண்மைதான். யாருக்கும் காசு கொடுக்காதீங்கன்னு சொல்ற வாயே நம்ம காசைத் தின்னும்னு நமக்கு எங்க தோணும்?

அப்புறம் ஒரு பேப்பர்ல கணக்குப் போட்டான். ரெண்டு ரூம், மூணு ராத்திரி, 39,000. வேன் 18,000. சாப்பாடு மத்தது 20,000. மொத்தம் 77,000. "இன்னும் ஒரு லட்சம் சேர்த்தா அம்மா ஆசைப்பட்டது நடக்கும்." அத்தை பக்கம் திரும்பி, "பத்துமலை வாசல்லயே இறக்கி விடச் சொல்றேன்மா." அத்தை அங்கயே கண்ணைத் துடைச்சுக்கிட்டாங்க. முடிஞ்சது கதை.

தலைக்கு 35,000, அஞ்சு பேருக்கு 1,75,000. டிசிஎஸ் (வெளிநாட்டு டூர் விக்கிறவங்க நம்மகிட்ட வசூல் பண்ணி அரசுக்குக் கட்டுற வரி) அப்ப 5 சதவீதம், 8,750. ஆக 1,83,750. அன்னிக்கே 50,000 அட்வான்ஸ். 15-ஆம் தேதி விமான கம்பெனி சைட்டையே திறந்து பிஎன்ஆர் (முன்பதிவு எண்) போட்டுக் காட்டினான், அஞ்சு பேர் பேரும் வந்துச்சு. வீட்டுக்காரர் உடனே ஒரு லட்சம் அனுப்பிட்டார். யுபிஐ லிமிட் முடிஞ்சதால மீதி 33,750 மறுநாள். போனது கடை கணக்குக்கு இல்ல, யாரோ ஒரு பெண் பேர்ல இருக்கிற சேவிங்ஸ் கணக்குக்கு. "கரண்ட் அக்கவுண்ட்ல ஏதோ பிரச்சினை மேடம், இது ஒய்ஃப் கணக்கு." சரின்னுட்டோம். படிச்ச ரெண்டு பேர்!

மே 9 தற்செயலா பிஎன்ஆர் போட்டுப் பார்த்தேன். அப்படி ஒண்ணு இல்லவே இல்லைன்னு வருது. விமான கம்பெனிக்குப் போன் போட்டா, சீட்டைப் பிடிச்சு மட்டும் வச்சிருக்காங்க, கெடுவுக்குள்ள பணம் கட்டலை, தானா ரத்தாயிடுச்சுங்கிறாங்க. டிக்கெட்டே எடுக்கலைங்க!

அப்புறம் ஆரம்பிச்சது அலைக்கழிப்பு. முதல்ல "சர்வர் பிரச்சினை மேடம், ஈவ்னிங் வந்துடும்". அடுத்து "ஏர்லைன்ஸ் டைம் மாத்திட்டாங்க, புது பிஎன்ஆர் வரும்". அடுத்து ரீஃபண்ட் எல்லாம் மதுரை பிராஞ்ச்தானாம். அந்த நம்பரை எடுத்தது, சத்தியமா, அதே குரல். ஒரு நாள் "அம்மாவை ஆஸ்பத்திரியில சேர்த்திருக்கேன் அக்கா"ன்னு அழுதான். நான் ஆறுதல் வேற சொன்னேன்! நேர்ல போனா ரிசப்ஷன் பொண்ணு தலையைத் தூக்காம "சார் டூர்ல இருக்கார்". மேடம் அக்காவாகி, அக்காவும் போய், இப்ப வாட்ஸ்அப்ல வெறும் ப்ளூ டிக்தான்.

கடைசியா 16-ஆம் தேதி ராத்திரி ஒரு மெசேஜ். பணம் உடனே தர முடியாது, அதுக்குப் பதிலா மூணு நாள் கொடைக்கானல் பேக்கேஜ் ஏற்பாடு பண்றேன்னு. 1,83,750 ரூபாய்க்குக் கொடைக்கானல்!

ஆடிட்டர்கிட்ட அவன் கொடுத்த ரசீதைக் காட்டினப்பதான் மீதியும் விளங்கிச்சு. ஜிஎஸ்டி நம்பர் இல்லை. டிசிஎஸ் பிடிச்சா நம்ம பான் நம்பர்ல கட்டணும், அப்பதான் ரிட்டர்ன்ல கழிச்சுக்கலாம். அவன் பான் நம்பரே கேட்கலை, அப்ப அந்த 8,750 எந்தக் கஜானாவுக்குப் போச்சு? அப்புறம் அந்த 35,000-க்குள்ளயே "விசா செலவு" தலைக்கு 2,500. 2023 டிசம்பர்லேருந்து நம்ம ஆளுங்க சுற்றிப் பார்க்க 30 நாள் வரைக்கும் மலேசியாவுக்கு விசாவே வேண்டாம். வருகைப் படிவம் ஒண்ணு ஆன்லைன்ல போடணும், அதுவும் இலவசம். இல்லாத விசாவுக்கு 12,500 கொடுத்திருக்கோம்.

சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்குப் போன் பண்ணினேன். பணம் போன உடனே கூப்பிட்டிருந்தா கணக்கை முடக்கியிருக்கலாமாம். ஸ்டேஷன்ல "நம்பிக் கொடுத்துட்டு இப்ப வந்தா எப்படிம்மா"ன்னு ஆரம்பிச்சு, ரெண்டு மணி நேரம் உட்கார வச்சு, சிஎஸ்ஆர் ரசீது கொடுத்தாங்க (புகாரை வாங்கிக்கிட்டதுக்கு அத்தாட்சி, எஃப்ஐஆர் இல்ல).

என்னென்ன பார்த்துப் போகணும்னு விவரமா எழுதலாம்னுதான் உட்கார்ந்தேன், கை நடுங்குது. சுருக்கமா: தனி ஆள் கணக்குக்குப் பணம் அனுப்பாதீங்க. பிஎன்ஆர் மட்டும் பார்த்து நம்பாதீங்க, பணம் கட்டி டிக்கெட் எடுத்தாச்சான்னு விமான கம்பெனிகிட்டயே கேளுங்க, ரெண்டு நாள் கழிச்சு மறுபடி பாருங்க. ஜிஎஸ்டி பில் இல்லாம அட்வான்ஸ் கூடாது. விசா வேணுமான்னு நீங்களே பாருங்க. நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல 5 லட்சம் வரைக்கும் கட்டணம் கிடையாது, நீங்க இருக்கிற ஊர்லயே போடலாம். நாங்க திங்கட்கிழமை போடுறோம்.

திருச்சியில இதே போர்டைப் பார்த்து யாராவது காசு கொடுத்திருந்தா இன்பாக்ஸ்ல வாங்க. இன்னும் ரெண்டு புகார் சேர்ந்தா எஃப்ஐஆர் போடலாம்னு ஏட்டு சொல்லியிருக்கார்.