குதிரை நிற்கும் கேட் வாசலுக்குத் தும்பு (தேங்காய் நார்) விரிப்பு: ஒரு மழைக்காலம் போட்டுப் பார்த்ததில்

நம்ம கன்னியாகுமரி மாவட்டத்தில் ஆனி ஆடியிலும் மழை, ஐப்பசி கார்த்திகையிலும் மழை. அதற்காகக் குதிரையை லாயத்திலேயே கட்டிப்போட்டால் கால் வீங்கும், சில நேரம் வயிற்றுவலியும் வந்துவிடும். அதனால் தினமும் வெளியே விட்டுத்தான் ஆக வேண்டும்.

எங்களிடம் இரண்டு குதிரை, நாற்பது சென்ட் விளை (தோட்டம்). விளை முழுக்கச் சேறாவதில்லை. கேட் வாசலும் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றியும்தான், ஏனென்றால் தீனி நேரத்துக்கு முன்பே இரண்டும் அங்கே வந்து நின்று மிதித்துக்கொண்டிருக்கும். போன வருஷம் பெட்டைக்குதிரை ஒரு லாடத்தை அந்தச் சேற்றில் விட்டுவிட்டு வந்தது, மணிக்கட்டு வரை கையை விட்டுத் துழாவி எடுத்தேன், வளைந்த ஆணி இரண்டு அதிலேயே இருந்தது. அது காலில் குத்தியிருந்தால்? குதிரைக்கு டெட்டனஸ் சீக்கிரம் பிடிக்கும். குளம்பைத் தூக்கிச் சுரண்டினால், அடியில் இருக்கிற முக்கோண மெத்தையின் ஓரப் பள்ளத்திலிருந்து கறுப்பாகப் பசை மாதிரி வந்தது, அழுகிய நாற்றம். அன்றைக்கே முடிவு பண்ணினேன்.

ஈத்தாமொழிப் பக்கம் ஒரு தும்பு ஆலையில் விரிப்பு வாங்கினேன். முதலில் தந்தது சரிவான மண்ணில் புல் பிடிக்கப் போடும் பெரிய கண்ணி வலை. குதிரைக்கு என்று சொல்லித்தான் கேட்டேன், இருந்தும் அதையே கட்டிவிட்டார்கள். இரண்டே மழையில் செம்மண் கண்ணி வழியாகப் பிதுங்கி மேலே வந்துவிட்டது. மாற்றித் தரவும் இல்லை, நெருக்கமான பின்னலுக்கு மறுபடி காசு. வாங்கும்போது பிரித்துப் பார்த்து வாங்குங்கள்.

நெருக்கமான பின்னல் அருமையாக வேலை செய்கிறது. மேல்மண்ணை அரையடி வழித்தெடுத்து, ஓரத்தில் தண்ணீர் ஓட ஓடை வெட்டி, விரிப்பை ஒன்றின் மேல் ஒன்று ஓரடி ஏறும்படி போட்டு, மேலே முக்கால் இஞ்ச் ஜல்லி, அதற்கு மேல் பாறைப்பொடி போட்டுத் தண்ணீர் தெளித்து இடித்தோம். விரிப்பு இல்லையென்றால் ஜல்லி எல்லாம் மெல்ல மண்ணுக்குள் போய்விடும், பாறைப்பொடி இல்லையென்றால் ஜல்லி குளம்பில் குத்தும். விரிப்பின் ஓரத்தை மறக்காமல் மண்ணுக்குள் புதையுங்கள், வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் காலில் மாட்டும். அந்த இடத்தில் தரையில் வைக்கோல் போடாதீர்கள், பொடியும் சேர்ந்து வயிற்றுக்குள் போகும். நான் வலையில் கட்டித் தொங்கவிடுகிறேன்.

இந்தக் கார்த்திகையில் மூன்று நாள் அடைமழைக்குப் பிறகு போய்ப் பார்த்தால் வாசலில் லாடத்தின் தடம் மட்டும்தான் இருந்தது, பள்ளமே இல்லை. லத்தியைத் தினமும் அள்ளிவிடுகிறோம், ஒரு குதிரை நாளைக்குச் சுமார் இருபது கிலோ போடும், விட்டால் அதுவே மறுபடி சேறாகிவிடும்.

குறை என்றால், தும்பு ஈரத்தில் கிடந்தால் இரண்டு மூன்று வருஷத்தில் மக்கிவிடும். பத்து வருஷம் வரும் என்று ஆலையில் சொன்னதை நான் நம்பவில்லை. ஆனால் மக்கினாலும் மண்ணோடுதான் சேரும், குதிரை மேயும் இடத்தில் பிளாஸ்டிக் துணியைப் புதைக்க எனக்கு மனசு வரவில்லை. தொட்டியைச் சுற்றிப் போட இன்னும் ஒரு சுருள் சொல்லியிருக்கிறேன், இந்தத் தடவை ஆலையிலேயே பிரித்துப் பார்த்துத்தான் வண்டியில் ஏற்றுவேன்.