சீரி எவ்வளவு நாளும் காத்திருப்பாள்

யாழ்ப்பாணம் டவுனில் பாவித்த பிளேஸ்டேஷன் 4 ஒன்றை வாங்கி நாலு வருடம் ஆகிவிட்டது. அதில் நான் திரும்பத் திரும்பப் போட்டவை மூன்று கேம்கள்தான்: 2015இல் வந்த விட்சர் 3, 2018இல் வந்த ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2, அப்புறம் லாஸ்ட் ஒப் அஸ். முதல் இரண்டும் ஓப்பன் வேர்ல்ட், அதாவது பெரிய உலகத்தில் நினைத்த இடத்துக்குப் போய்த் திரியலாம். மூன்றாவது ஒரே பாதையில் கூட்டிக்கொண்டு போவது.

விட்சர் 3இல் நாங்கள் ஆடும் நாயகன் ஜெரால்ட், தான் மகளைப் போல வளர்த்த சீரியைத் தேடுகிறான். அவளுக்கு ஆபத்து, பிந்தக்கூடாது என்றுதான் எல்லோரும் கதைக்கிறார்கள். நானோ ஊர் ஊராகப் போய், கேமுக்குள்ளேயே இருக்கிற க்வென்ட் என்ற சீட்டாட்டம் ஆடிக் கார்ட் சேர்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்த தம்பி ஒருநாள் கேட்டான்: "அண்ணா, உவர் பிள்ளையைத் தேடுறாரோ, சீட்டுச் சேர்க்கிறாரோ?" சரியான கேள்வி. இரண்டு மாதம் கழித்துப் போனாலும் சீரியின் கதை விட்ட இடத்திலேயே நிற்கும். வசனத்தில் இருக்கிற அவசரம் மேப்பில் இல்லை.

ஆனால் அதே கேமில்தான் பிளடி பாரன் கதையும் இருக்கிறது. குடித்துவிட்டு மனைவியை அடித்தவன். கருவிலேயே போன பிள்ளை பேயாகத் திரும்பி வருகிறது. அதைக் கையில் ஏந்திக்கொண்டு அவன் இருட்டில் நடக்கிறான். நாங்கள் பக்கத்தில் நடக்கிறோம். அது துடிக்கத் தொடங்கினால் ஜெரால்ட் அமைதிப்படுத்த வேண்டும். கடைசியில் வாசற்படியில் புதைத்து அதற்கு ஒரு பெயர் வைக்கிறான். அந்தக் கொஞ்ச நேரம் எனக்குக் க்வென்ட் நினைவே வரவில்லை. இவ்வளவு பெரிய உலகத்தில் என்னை உலுக்கிய இடம், அவனோடு நடந்த அந்த ஒற்றைப் பாதைதான்.

ரெட் டெட் 2இல் மிஷனுக்குள், அதாவது கதைக்காகத் தரும் வேலைக்குள், சொன்ன வழியை விட்டுக் கொஞ்சம் விலகினாலே தோல்வி என்று வந்துவிடும். அது எரிச்சல். ஆனால் கடன் வசூலிக்கப் போன நாயகன் ஆர்தர், ஒரு நோயாளியை அடித்து அவனிடமிருந்தே காசநோயை வாங்கிக்கொள்கிறான். டாக்டர் அதைச் சொன்னபோது, அதற்கு முன் நான் சும்மா மீன் பிடித்துத் திரிந்த வாரங்கள் எல்லாம் நெஞ்சில் ஏறி உட்கார்ந்தன. இதை ஒரே பாதையில் போகிற கேம் செய்திருக்க முடியாது. அந்த நாட்களை வாழ்ந்தது நான்.

லாஸ்ட் ஒப் அஸ்ஸை மூன்று தடவை முடித்தேன். அதில் நாங்கள் ஆடுவது ஜோயலாக; அவன் கூட்டிக்கொண்டு போகும் சிறுமி எல்லி. எல்லிக்கு நீந்தத் தெரியாது, ஜோயல் பலகை தேடி மிதக்க விட வேண்டும். இரண்டாவது தடவை அது வெறும் வேலையாகத்தான் தெரிந்தது. ஒட்டகச்சிவிங்கிகள் வரும் இடம் மட்டும் மூன்று தடவையும் அப்படியே பிடித்து நிறுத்தியது.

முடிவில், எல்லியின் உயிரை எடுத்துவிடும் ஒரு சத்திரசிகிச்சையில் இருந்து ஜோயல் அவளைக் காப்பாற்றப் போகிறான். ஆஸ்பத்திரி அறையில் சத்திரசிகிச்சை நிபுணர் கையில் கத்தியோடு, எல்லியிடம் போக விடாமல் மறித்து நிற்கிறார். மூன்றாவது தடவை நான் அவரைச் சுடாமல் சும்மா நின்று பார்த்தேன். கேமும் நின்றது. வேறு கதவு இல்லை. கனநேரம் கழித்து நான்தான் பட்டனை அழுத்தினேன். அதற்குப் பிறகு அதை நான் போடவில்லை.